ஊர்த் தொடக்கப்பள்ளியை எதை வைத்து எடை போடுவது?

கோடை விடுமுறை நெருங்கினால் எங்கள் பகுதிப் பெற்றோர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: “நம்ம ஊர் ஸ்கூல்லயே சேர்க்கலாமா, இல்ல வேன்ல அனுப்பிடலாமா?” பதில் சொல்ல ஆளுக்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஒருவர் கட்டடத்தைப் பார்க்கிறார். இன்னொருவர் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று எண்ணுகிறார். வேறொருவர் செய்தித்தாளில் வந்த ஆய்வுச் சதவீதத்தைச் சொல்கிறார். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருந்தபோது இவை எல்லாவற்றையும் நானும் வைத்துப் பார்த்திருக்கிறேன். இவற்றில் சில உண்மையிலேயே உதவும். சில ஒன்றுமே சொல்லாது. ஒன்றிரண்டு நம்மைத் தலைகீழான முடிவுக்கும் கொண்டுபோய் விட்டுவிடும். அதனால் ஒவ்வொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கட்டடமா, கழிப்பறையா?

கட்டடம்தான் முதலில் கண்ணில் படுகிறது. புது வகுப்பறை, சுவர் ஓவியம், ஸ்மார்ட் போர்டு எல்லாம் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டியவைதான். ஆனால் எந்தத் திட்டத்தில், எந்த வருடம் அந்த ஊருக்கு நிதி வந்தது என்பதைத்தான் அவை காட்டும். பள்ளியை நடத்துபவர்களின் அக்கறையைப் பார்க்க வேண்டுமென்றால் கழிப்பறைப் பக்கம் போங்கள். கதவில் பூட்டு தொங்குகிறதா, சாவி யாரிடம் இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறதா, ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளை தயங்காமல் போய்வருகிறாளா என்று பாருங்கள். யாராவது தினமும் கவனித்தால்தான் இதெல்லாம் சரியாக இருக்கும்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. பசியோடு வகுப்பில் உட்காரும் பிள்ளைகள் குறைந்தது பெரிய விஷயம். ஆனால் எல்லா இடத்திலும் இருப்பதால் ஒரு பள்ளியை இன்னொன்றோடு ஒப்பிட அது உதவாது. அந்த நேரத்தில் ஒருநாள் போய் நின்றால் பிள்ளைகளும் ஆசிரியர்களும் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்பது தெரியும். அது உதவும்.

எண்ணிக்கை சொல்லாதது

“முன்னாடி நூறு பிள்ளைங்க படிச்ச ஸ்கூல், இப்ப முப்பதுதான்” என்று சொல்லி ஒரு பள்ளியை ஒதுக்கிவிடுகிறார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பிறப்பு விகிதமே வெகுவாகக் குறைந்திருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஒரு பெண்ணுக்கு சராசரியாக 1.8 குழந்தைகள்தான். ஊரில் பிள்ளைகளே குறைந்தால் பள்ளியிலும் குறையத்தான் செய்யும். அங்கன்வாடியில் கேட்டால் ஊரில் ஐந்து வயதை எட்டிய பிள்ளைகள் எத்தனை பேர் என்று சொல்வார்கள். அதில் எத்தனை பேர் இந்தப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்தார்கள் என்று பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் சேர்ந்திருந்தால், மொத்தம் முப்பதே பேர் படித்தாலும் ஊர் நம்புகிற பள்ளி அது. பத்தில் மூன்று பேர்தான் என்றால் காரணம் கேட்க வேண்டும்.

ஆசிரியர்–மாணவர் விகிதம் இதைவிட அதிகம் ஏமாற்றும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. இப்போது இரண்டு பள்ளிகளை வைத்துக்கொள்வோம். ஒன்றில் 24 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள். மற்றதில் 130 பிள்ளைகள், 5 ஆசிரியர்கள். காகிதத்தில் முதல் பள்ளியில் ஆசிரியருக்கு 12 பிள்ளைகள், இரண்டாவதில் 26. முதலாவது இரண்டு மடங்கு மேல் என்று தோன்றும்.

வகுப்பறைக்குள் போனால் வேறு கதை. முதல் பள்ளியில் ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளைச் சேர்த்துப் பார்ப்பார். தலைமையாசிரியர் நான்கையும் ஐந்தையும் எடுத்துக்கொள்வார். நாற்பது நிமிடப் பாடவேளையை மூன்றாகப் பிரித்தால் ஒரு வகுப்புக்குப் பதின்மூன்று நிமிடம். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் என்று தலைமையாசிரியர் போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் ஆகிய பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பச் சட்டமே இடம் தருகிறது. ஐந்து பேர் இருக்கும் பள்ளியில் ஒருவர் போனால் சமாளித்துவிடலாம். இரண்டு பேர் இருக்கும் பள்ளியில் பாதிப் பள்ளி போய்விடுகிறது.

அதனால் விகிதத்தை விட்டுவிட்டு மூன்று விஷயம் கேளுங்கள். ஓர் ஆசிரியர் முன்னால் எத்தனை வகுப்புகள் உட்காருகின்றன? அனுமதிக்கப்பட்ட இடங்களில் யாராவது மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்குப் போயிருக்கிறாரா? இப்போது இருப்பவர்கள் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார்கள்? இதற்குத் தலைமையாசிரியர் தயங்காமல் பதில் சொன்னால் அதுவே நல்ல அறிகுறி.

ஈராசிரியர் பள்ளி என்றாலே மோசம் என்றும் எண்ண வேண்டாம். பல வகுப்புகளைச் சேர்த்து நடத்துவது தனித் திறமை. ஒரு குழுவுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு அடுத்த குழுவுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியரின் வகுப்பில் பிள்ளைகள் தாங்களாகவே வேலை செய்யப் பழகிவிடுகிறார்கள். 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்த, பிள்ளைகள் தாங்களே படிப்படியாகச் செய்து கற்கும் செயல்வழிக் கற்றலின் அட்டைகளும் ஏணிப்படிகளும் இந்தச் சூழலை மனதில் வைத்து வந்தவைதான். நீங்கள் போகும் நேரத்தில் ஆசிரியர் கவனிக்காத அந்த இரண்டு குழுவும் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று மட்டும் பாருங்கள். கையில் வேலை இருக்கிறதா, இல்லை சும்மா உட்கார்ந்திருக்கிறார்களா? என்னைக் கேட்டால் ஒரு சிறு பள்ளியின் தரத்தில் பாதி இதிலேயே தெரிந்துவிடும்.

“இங்கிலீஷ் மீடியம் இருக்கா?”

தரத்தைப் பார்க்க இந்தக் கேள்வி அதிகம் உதவாது. பல சிறு பள்ளிகளில் தமிழ்வழிப் பிள்ளையும் ஆங்கிலவழிப் பிள்ளையும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம் படிக்கிறார்கள். புத்தகம்தான் வேறு. முதல் மூன்று வருடம் தாய்மொழியில் தடையில்லாமல் வாசிக்கக் கற்ற பிள்ளைக்கு ஆங்கில எழுத்தும் சீக்கிரம் பிடிபடும் என்பதுதான் என் உறுதியான எண்ணம்.

ஆய்வு அறிக்கையா, நேரில் வாசிப்பா?

சதவீதங்களுக்கு வருவோம். அசர் (ASER) என்ற கல்வி ஆய்வு கிராமப்புற வீடுகளுக்கே போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறது. 2022 அசரில் தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. கொரோனாவில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் இங்கே திறந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண் புரியும். பிள்ளைகளின் கற்றலை அளக்க மத்திய அரசு நடத்திய தேசிய அடைவுத் தேர்வும் அதே மாதம் 12ஆம் தேதிதான் நடந்தது. பள்ளி திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

இந்த ஆய்வுகள் அரசுக்கும் நமக்கும் தேவை. அந்த அதிர்ச்சி இல்லாமல் போயிருந்தால் சரிசெய்யும் வேகமும் வந்திருக்காது. ஆனால் அசர் ஒரு மாவட்டத்துக்கு 30 கிராமங்கள், கிராமத்துக்கு 20 வீடுகள் என்றுதான் எடுக்கிறது. உங்கள் தெருமுனைப் பள்ளியைப் பற்றி அதனால் எதுவும் சொல்ல முடியாது.

ஒவ்வொரு பள்ளிக்கும் யூடைஸ் (UDISE) என்னும் 11 இலக்க அடையாள எண் உண்டு; தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு அது 33 என்று தொடங்கும். அதை வைத்து இணையத்தில் தேடினால் ஆசிரியர், வகுப்பறை, மாணவர் எண்ணிக்கை எல்லாம் கிடைக்கும். பள்ளியே நிரப்பித் தரும் விவரங்கள் அவை. போகும் முன்பு ஒருமுறை பார்த்துக்கொண்டால் என்ன கேட்பது என்று தெரியும். பிள்ளை வாசிக்கிறதா என்பது அதில் இருக்காது.

அதற்கு அசர் பயன்படுத்தும் முறையையே நாமும் எடுத்துக்கொள்ளலாம். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கைந்து பேரோடு உட்காருங்கள். பாடப்புத்தகம் வேண்டாம், அது மனப்பாடமாக இருக்கும். சிறுவர் இதழின் ஒரு பக்கமோ ரேஷன் கடை அறிவிப்போ போதும். எங்கே தடுக்குகிறது என்று கவனியுங்கள். ‘கொ’ வரும் இடத்தில் முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி. அதை ‘கெ’ என்று தொடங்கிவிட்டுப் பின்னால் வரும் துணைக்காலைப் பார்த்துத் திணறும் பிள்ளைக்கு உயிர்மெய் இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் ஒரு கணக்கு: 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 35 என்று எழுதும் பிள்ளை, ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்துவிட்டுப் போகிறது. கடன் வாங்குவது புரியவில்லை. ஒரு பிள்ளை அப்படி எழுதினால் இயல்பு. ஐந்தில் நான்கு பேர் 35 என்று எழுதினால், யாரும் நின்று பார்க்கவில்லை என்று பொருள். பிள்ளைகளைப் பரீட்சைக்கு நிறுத்துவது போல் இதைச் செய்யக் கூடாது. தப்பாகச் சொன்ன பிள்ளை முகம் வாடாமல் எழுந்து போக வேண்டும், அது முக்கியம்.

முதல் பெஞ்சா, கடைசி வரிசையா?

எந்தப் பள்ளிக்குப் போனாலும் நன்றாகப் படிக்கும் பிள்ளையைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். திருக்குறள் ஒப்பிப்பாள், ஆங்கிலப் பாட்டுப் பாடுவாள். சந்தோஷமாகக் கேளுங்கள், கைதட்டுங்கள். ஆனால் அந்தப் பிள்ளை எந்தப் பள்ளியிலும் படித்துவிடும். வீட்டிலும் யாராவது கவனித்திருப்பார்கள். பள்ளி என்ன செய்கிறது என்பது கடைசி வரிசைப் பிள்ளையிடம்தான் தெரியும்.

இதற்கு இப்போது ஒரு வசதி இருக்கிறது. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், முதலில் ஒன்று முதல் மூன்று வரையும், அடுத்த வருடம் நான்கு, ஐந்தாம் வகுப்புகளிலும், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடத்தினார்கள். எத்தனை பேர் மலரில் இருக்கிறார்கள் என்று கேட்பதைவிட, ஜூனில் அரும்பில் இருந்த பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெயர் சொல்லி, “இவன் இப்ப மொட்டு வந்துட்டான், இவளுக்கு இன்னும் ல, ள, ழ குழப்பம் இருக்கு” என்று ஓர் ஆசிரியர் பதில் சொன்னால் அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். எத்தனை ஸ்மார்ட் போர்டு இருந்தாலும் அந்தப் பதிலுக்கு ஈடாகாது.

நோட்டையும் பாருங்கள். பத்து நோட்டில் பத்திலும் ஒரே வாக்கியம் இருந்தால் அது கரும்பலகையைப் பார்த்து எழுதியது. வாக்கியம் ஆளுக்கு ஆள் மாறி, பிழையோடு இருந்தால் பிள்ளை தானே எழுதியிருக்கிறது. பிழையான விடைக்கும் சிவப்பு மையில் ‘சரி’ விழுந்திருந்தால் யாரும் படித்துப் பார்க்கவில்லை. பிழையை வட்டமிட்டு, பக்கத்தில் பிள்ளை மறுபடி எழுதிப் பார்த்திருந்தால் அங்கே பாடம் நடக்கிறது. தேதிகளைப் புரட்டினால் எத்தனை நாள் வேலை நடந்தது என்பதும் தெரியும்.

மூன்று பள்ளிகள்

இவற்றை வைத்து நம் பக்கத்தில் பெற்றோர் ஒப்பிடும் மூன்று வகைப் பள்ளிகளைப் பார்ப்போம்.

நடந்து போகும் தூரத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. பலம், பக்கத்திலேயே இருப்பது. மழை பெய்தாலும் பிள்ளை போகும். பாட்டி போய்க் கூட்டிவரலாம். ஆசிரியருக்கு வீடு தெரியும். பலவீனம், எல்லாமே இரண்டு பேரை நம்பியிருக்கிறது. பொது மாறுதல் கலந்தாய்வில் நல்ல ஆசிரியர் ஒருவர் போய்விட்டால் பள்ளியின் முகமே மாறிவிடும்.

இரண்டு மூன்று கிலோமீட்டரில் எட்டாம் வகுப்பு வரை உள்ள நடுநிலைப்பள்ளி. அங்கே வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கிடைக்க வாய்ப்பு அதிகம். வளாக அங்கன்வாடியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. நடப்பதும் உண்டு, 2019இல் 2,381 இடங்களில் அதைத் தொடங்கினார்கள். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: சில நடுநிலைப்பள்ளிகளில் கவனமெல்லாம் ஆறு, ஏழு, எட்டு மீதே இருக்கும். முதல் வகுப்பை யார் எடுக்கிறார் என்று கேளுங்கள். அனுபவம் மிக்கவரை ஒன்றாம் வகுப்பில் வைத்திருக்கும் தலைமையாசிரியர் எனக்குத் தெரிந்தவரை பெரும்பாலும் நல்ல நிர்வாகிதான்.

மூன்றாவது, அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளி. ஒரே நிர்வாகத்தில் ஆசிரியர்கள் இருபது வருடம்கூட இருப்பார்கள். அப்படி இருக்கும் ஆசிரியர் நல்லவராக அமைந்தால் அப்பா, பிள்ளை இரண்டு தலைமுறைக்கும் அவரே டீச்சர். ஆர்வம் போனவராக இருந்தால் அவரும் அங்கேயேதான் இருப்பார். பணியிடம் காலியானால் முறையாக நிரப்ப நாளாகும். அதுவரை தற்காலிக ஆசிரியர்தான்.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. ஊர்ப் பள்ளியில் இரண்டு ஆசிரியர்களும் மாற்றுப்பணி இல்லாமல் இருக்கிறார்கள், இரண்டு மூன்று வருடமாவது ஆகிவிட்டது, கடைசி வரிசை நோட்டுகளில் வேலை தெரிகிறது என்றால் அங்கேயே சேருங்கள். வேனில் போயிருக்கும் ஒரு மணி நேரத்தில் பிள்ளை விளையாடட்டும். ஒரு இடம் மாதக்கணக்கில் காலி என்றால், மற்றவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நடுநிலைப்பள்ளியே மேல். அந்தக் காலியிடத்தையும் அப்படியே விட்டுவிட வேண்டாம். மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். கூட்டத்தில் தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் கொடுக்கலாம், கிராம சபையிலும் வைக்கலாம்.

சமீப வருடங்களில் அரசுப் பள்ளிச் சேர்க்கை மார்ச் 1 அன்றே தொடங்கிவிடுகிறது. அதனால் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ, விழாவோ ஆய்வோ இல்லாத ஒரு வேலைநாளில் போய்ப் பாருங்கள். முடிந்தால் நீங்கள் ஒப்பிடும் பள்ளிகளுக்கெல்லாம் ஒரே வாரத்தில் போங்கள்.