மின்வாரிய இணைப்பில்லாத வீட்டில் எர்த்திங்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடிப் பக்கம், மின்வாரியக் கம்பி எட்டாத ஒரு காப்பித் தோட்ட வீட்டை முழுவதும் சூரிய மின்சாரத்தில் நடத்தி வருகிறோம். 48 வோல்ட் பேட்டரித் தொகுதியும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள 5 கிலோவாட் இன்வெர்ட்டரும் கொண்ட இந்த அமைப்பைப் பார்க்க வருபவர்கள் பேட்டரியின் ஆயுளைத்தான் விசாரிக்கிறார்கள். எர்த்திங்கைப் பற்றிக் கேட்பவர் அரிது. கேட்டாலும், எர்த் குழி எத்தனை அடி என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இத்தனை காலப் பயன்பாட்டில் நான் கண்டவரை, குழியைவிட முக்கியமானது நியூட்ரலை எர்த்துடன் இணைக்கும் ஒற்றைக் கம்பி. ஊர்களில் மின்வாரிய டிரான்ஸ்ஃபார்மரிலேயே நியூட்ரல் எர்த் செய்யப்பட்டிருப்பதால், வீட்டுக்காரர் அதை நினைக்க வேண்டியதில்லை. தனித்து இயங்கும் இன்வெர்ட்டர்கள் பலவற்றிலோ வெளிவரும் இரு கம்பிகளுக்கும் மண்ணோடு தொடர்பே இருக்காது. டெஸ்டரை வைத்தால் இரண்டிலுமே மங்கலாக எரிவதுண்டு. இந்நிலையில் கிரைண்டரின் உடலுக்குள் ஃபேஸ் கசிந்தால், அந்த மின்னோட்டம் இன்வெர்ட்டருக்குத் திரும்ப வழியில்லாததால், கசிவை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்சு விழாது. முதல் கசிவு யாருக்கும் தெரியாமல் கிடக்க, வேறொரு கருவியில் மற்றக் கம்பி கசியும்போதுதான் ஆபத்து தலைகாட்டும். சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்து நிம்மதி அடைவதற்கும் இல்லை. அது ஒரு மின்தடை வழியாக ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலேயே செயற்கைக் கசிவை உண்டாக்குவதால், எர்த்தே இல்லாத வீட்டிலும் ஒழுங்காக விழும்.

எனவே முதன்மைப் பெட்டியில், ஆர்சிசிபிக்கு முன்பாக, ஒரே இடத்தில் இந்த நியூட்ரல்-எர்த் இணைப்பைக் கொடுத்திருக்கிறோம். பின்பக்கம் மட்டும் கொடுத்தால், கசியும் மின்னோட்டமும் நியூட்ரல் வழியே ஆர்சிசிபிக்குள்ளேயே திரும்பிவிடுவதால், அது கசிவை உணராமல் விழாமலே இருந்துவிடும். மழைக்கால ஜெனரேட்டருக்குத் தனி நியூட்ரல்-எர்த் இணைப்பு இருப்பதால், நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் இரட்டை முனை மாற்றுச் சுவிட்சு வழியாகவே அது வருகிறது. ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத மலிவு இன்வெர்ட்டர்கள் சிலவற்றில் நியூட்ரலை எர்த்துடன் இணைத்தாலோ, பேட்டரியின் நெகட்டிவை எர்த் செய்தாலோ, கருவியே எரிந்துபோகும். கையேட்டில் அனுமதி இல்லாமல் தொடக் கூடாது.

குழியின் பங்கு வேறு. மண்ணின் தடை 5 ஓம் என்றே வைத்துக்கொண்டாலும், 230 வோல்ட்டில் அதன் வழியே 46 ஆம்பியர்தான் ஓடும்; மின்னோட்டம் மிகும்போது துண்டிக்கும் 32 ஆம்பியர் எம்சிபி சுவிட்சு உடனே விழ அது போதாது. கசிவைத் துண்டிக்கும் வேலை, கருவிகளிலிருந்து முதன்மைப் பெட்டிவரை வரும் பச்சைக் கம்பியுடையது. ஆனால் இடிமின்னலுக்கு மண் வேண்டும். பாறை கலந்த எங்கள் மண் ஏப்ரலில் காய்ந்து இறுகிவிடுவதால், அளவீட்டைக் கோடையில்தான் எடுக்கிறோம். மழைக்காலத்தில் கிடைக்கும் அழகான எண்ணுக்கு மதிப்பில்லை. கம்பியைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் வகை மீட்டர் தனித்த ஒரே குழியில் பயன்படாது, இரு துணைக் கம்பிகளை நட்டு அளக்கும் பழைய முறையே சரி. உப்பும் கரியும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை அரிப்பதால், பழுதுபார்த்தபோது ஈரத்தைப் பிடித்துவைக்கும் பெண்டோனைட் களிமண்ணுக்கு மாறினோம்.

கூரையில் கவனிக்க வேண்டியது, சூரியப் பலகைச் சட்டங்களின் அலுமினியத்தின் மேலுள்ள ஆனோடைஸ் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது என்பது. வெறும் போல்ட் போதாது. பூச்சைக் கீறும் பல் வாஷரும், தாமிரம் அலுமினியத்தை நேரடியாகத் தொடாதபடி வெள்ளீயம் பூசிய லக்கும் (கம்பி முனையில் மாட்டும் இணைப்பி) வேண்டும். மின்னல் தடுப்புக்கும் டிசி பக்கத்துக்கும் ஏசி பக்கத்துக்கும் தனித்தனிக் குழி தோண்டுவது வழக்கம். தோண்டட்டும், ஆனால் அவற்றைக் கீழே ஒன்றாக இணைக்காவிட்டால், இடி விழும்போது குழிகளுக்கு இடையில் எழும் மின்னழுத்த வேறுபாடு இன்வெர்ட்டர் வழியாகத்தான் சமன்படும். எங்களுடையவை இணைக்கப்பட்டுள்ளன. ஐப்பசி இடிமழைக்கு முன்னால் ஆண்டுதோறும், திடீர் மின்னழுத்த எழுச்சியைத் தாங்கும் சர்ஜ் தடுப்பானின் நிறக்குறியைப் பார்த்து, சிவப்பாகியிருந்தால் உள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றுகிறோம்.