விலை கூடின ஸ்பீக்கர் வயர் காதுக்குத் தெரியுமா?

யாழ்ப்பாணத்தில் ஸ்பீக்கர் வயர் வாங்கப் போனால் மூன்று தரம் கண்ணில் படும்: சிவப்பு கறுப்பு மெல்லிசு வயர், கண்ணாடிபோல் உள்ளே தெரியும் உறை போட்ட தடித்த வயர், பனானா பிளக் (ஓட்டைக்குள் செருகும் முனை) பூட்டிப் பெட்டியில் வரும் விலை கூடின வயர். வீட்டு ஹோலில் 5 மீற்றர் இழுக்க முதலாவது சரிவராது. மற்ற இரண்டும் ஒரே தடிப்புச் செம்பு என்றால் காதுக்கு ஒன்றுதான்.

தடைதான் விஷயம். 0.75 சதுர மில்லிமீற்றர் வயர் போய்வர 10 மீற்றருக்கு ஏறத்தாழ 0.26 ஓம், 2.5 வயர் 0.08 ஓம். ஸ்பீக்கரின் மின்மறுப்பு, அதாவது ஒலி மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, அதிர்வெண்ணோடு ஏறி இறங்கும். 4 ஓமுக்கு இறங்கும் இடத்தில் மெல்லிசு வயர் 0.55 டெசிபெல் (சத்தத்தின் அளவு) தின்னும். 20 ஓமுக்கு ஏறும் இடத்தில் 0.1 தான். அதனால் ஸ்பீக்கரின் சமநிலையே கொஞ்சம் சரியும். தடித்த வயரில் இந்த இரண்டு இடத்துக்கும் உள்ள இடைவெளி 0.14 தான். ஒட்சிசன் நீக்கிய செம்பு என்று கூடக் கேட்கும் காசுக்குக் கிடைப்பது அதிகம்போனால் 1 வீதம் குறைந்த தடை. வயரில் 5 சென்ரிமீற்றர் வெட்டினாலே அது வந்துவிடும்.

நம்பாதவர்கள் சோதிக்கலாம். ஸ்பீக்கர் முனையில் மல்ரிமீற்றரை வைத்து, 400 ஹேர்ட்ஸ் ஒலிக்கு இரண்டு வயரிலும் ஒரே வோல்ற்றளவு வருமாறு சத்தத்தைச் சரிசெய்யுங்கோ. 1 வீதத்துக்கு மேல் வித்தியாசம் ஆகாது. கொஞ்சம் சத்தம் கூடினதைத்தான் காது ‘தெளிவு’ என்று எடுக்கும். பிறகு இன்னொருவர் மறைவில் நின்று, காசு சுண்டி, 16 தரம் மாற்றட்டும். 12 சரியாகச் சொன்னால்தான் கணக்கு. குருட்டாம்போக்கில் அந்தளவு வர நூற்றுக்கு 4 வாய்ப்பே உண்டு.

காசு உண்மையில் வீணாய்ப் போவது செம்பு பூசிய அலுமினியத்தில். இழையைப் பிளேட்டால் சுரண்டுங்கோ, உள்ளே வெள்ளை என்றால் வேண்டாம். வெள்ளீயம் பூசின செம்பு வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு, அது நல்லது. இன்னும் உறுதி வேண்டுமென்றால் 25 மீற்றர் சுருளின் ஒரு முனையைச் சேர்த்து முறுக்கி, மறுமுனையில் தடை பாருங்கோ. 2.5 செம்பு 0.4 ஓம் காட்டும், பூச்சு வயர் 0.6 அளவில். மீற்றரின் சொந்த வயர்த் தடையை முதலில் கழிக்க வேணும்.

கலியாண மண்டபத்துக்கு 30 மீற்றர் என்றால் 2.5 உம் காணாது, 4 போடுங்கோ.

குருநகர், நாவாந்துறை போன்ற கடலோர வீடுகளில் உப்புக்காற்றுப் பட்டு முனை பச்சை பிடிக்கும். பச்சை தெரிந்த அளவுக்கு வெட்டிப் புதிதாய் உரித்து இறுக்குங்கோ; ஒரு இழைகூடப் பக்கத்து முனையில் முட்டக்கூடாது. ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறினால் பேஸ் இல்லாமல் போகும். அம்பிளிஃபையரிலிருந்து வயரைக் கழற்றி, பிளஸ்சுக்குப் போட்ட வயரில் 1.5 வோல்ற் பற்றரியின் பிளஸ்சையும் மற்றதில் மைனஸ்சையும் தொடுங்கோ. இரண்டு ஸ்பீக்கரின் கோனும் (முன்னால் அசையும் கூம்பு) வெளியே தள்ள வேணும்.