ஆறு வருடம், நான்கு கேமரா: பதிவை எங்கே வைப்பது?

வீட்டைச் சுற்றி நான்கு கேமரா மாட்டி ஆறு வருடம் ஆகிறது. இதுவரை ஒரே ஒரு கேமராவைத்தான் மாற்றியிருக்கிறேன். ஆனால் பதிவு போய்ச் சேரும் இடத்தை இரண்டு முறை அடியோடு மாற்ற வேண்டி வந்தது. வாங்கும்போது எத்தனை மெகாபிக்சல், இருட்டில் எவ்வளவு தூரம் தெரியும் என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறோம். பதிவு எத்தனை நாள் நிற்கும், தேவைப்படும்போது வெளியே எடுக்க முடியுமா என்று கேட்பவர்கள் குறைவு. அப்போது நானும் கேட்கவில்லை.

முதல் இரண்டு வருடம் மெமரி கார்டுதான். ஒவ்வொரு கேமராவிலும் 64 ஜிபி. ஒருநாள் காலையில் வாசலில் நின்ற ஸ்கூட்டரின் பக்கக் கண்ணாடி உடைந்து கீழே கிடந்தது. ஆப்பைத் திறந்தேன். நேரலை பளிச்சென்று வந்தது, தரையில் சிதறிய சில்லுகூடத் தெரிந்தது. சரி, ராத்திரிக்குப் போய்ப் பார்க்கலாம் என்று காலக்கோட்டைத் தள்ளினால் பதிவு இருப்பதைக் காட்டும் நீலமே இல்லை, முழுக்கச் சாம்பல் நிறம். அதற்கு முந்தைய நாளும் அப்படியே. விரலால் தள்ளிக்கொண்டே போனேன். கடைசிப் பதிவு 41 நாளுக்கு முந்தையது. கார்டைக் கழற்றிக் கணினியில் செருகிப் பார்த்தேன். பழைய கோப்புகள் ஓடின. புதிதாக ஒரு வரிகூட எழுத முடியவில்லை, ஃபார்மேட்டும் ஆகவில்லை.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் விஷயம் புரிந்தது. நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் ஒரு கேமரா நிற்காமல் பதிந்தால் நாளுக்கு 21.6 ஜிபி. 64 ஜிபி கார்டு மூன்று நாளில் நிரம்பி, பழையதை அழித்து மேலேயே எழுத ஆரம்பிக்கும். வருடத்துக்குச் சுமார் 120 தடவை முழுக் கார்டும் எழுதப்படுகிறது. ஃபிளாஷ் நினைவகத்தை இத்தனை முறைதான் அழித்து எழுதலாம் என்று ஓர் அளவு உண்டு. அது தீர்ந்ததும் பல கார்டுகள் படிக்க மட்டும் விட்டு, எழுதவிடாமல் பூட்டிக்கொள்கின்றன. கேமராவும் வாய் திறக்கவில்லை. கார்டுதான் வைக்கப் போகிறீர்கள் என்றால் ‘ஹை என்டியூரன்ஸ்’ என்று போட்ட கார்டாகப் பார்த்து வாங்குங்கள். அதையும் தேய்ந்துபோகும் பொருள் என்றே நினைத்து, கெட்டுப்போகும் முன்பே மாற்றிவிடுங்கள்.

அடுத்த ஒன்றரை வருடம் கிளவுட். இதில் ஒரு பெரிய நிம்மதி உண்டு: கேமராவையே பிடுங்கிக்கொண்டு போனாலும் அதுவரை ஏறிய படம் பத்திரம். ஆனால் நான்கு கேமராவும் தலா 2 மெகாபிட் என்றால் இடைவிடாமல் 8 மெகாபிட் அப்லோடு வேண்டும். அதனால் அசைவு தெரிந்தால் மட்டும் சின்னத் துண்டாக அனுப்பும் திட்டத்தைத்தான் எடுத்தேன். அங்கேதான் அடி. கேட்டைத் திறந்து ஒருவர் உள்ளே வருவது துண்டில் இருக்காது, அவர் முதுகு மட்டும் இருக்கும். கேமரா விழித்து, அசைவை உணர்ந்து, பதியத் தொடங்குவதற்குள் முகம் கடந்துபோய்விடுகிறது. இரவிலோ லென்ஸ் ஓரத்தில் சிலந்தி வலை கட்டினால் போதும். அகச்சிவப்பு வெளிச்சத்தில் இழை பளபளத்து, விடிவதற்குள் நூறு துண்டு சேர்ந்திருக்கும். இணையம் போனால் பதிவும் போயிற்று. வீட்டுக்குள் இருக்கும் கேமராவை மட்டும் கிளவுடுக்கு அனுப்ப எனக்குக் கடைசிவரை மனம் வரவில்லை.

இப்போது இரண்டரை வருடமாக என்விஆர் பெட்டி, அதாவது எல்லா கேமராவின் பதிவையும் வீட்டிலேயே சேர்த்து வைக்கும் கருவி. கேமராக்களுக்கு பிஓஇ கேபிள் (மின்சாரமும் படமும் ஒரே கேபிளில் போகும்), உள்ளே கண்காணிப்புக்கென்றே செய்த 4 டெராபைட் ஹார்டு டிஸ்க். சும்மா கிடந்த பழைய டெஸ்க்டாப் டிஸ்க்கையே போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். 4 மெகாபிட் வீதம் நான்கு கேமரா என்றால் நாளுக்கு 173 ஜிபி, வருடத்துக்கு 63 டெராபைட். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குகள் பலவற்றுக்கு வருடத்துக்குத் தாங்கும் சுமை 55 டெராபைட் என்றுதான் போட்டிருக்கிறது. டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவற்றுக்கு 180. அதோடு யோசனை முடிந்தது.

அதே கணக்கில் 4 டெராபைட் 23 நாளுக்குத்தான் வரும். வீடியோவைச் சுருக்கும் முறையை எச்.264-ஐ விட்டு, அதைவிடப் புதிய எச்.265-க்கு மாற்றினேன். கிட்டத்தட்ட அதே தரத்துக்குப் பாதி இடம் போதும் என்பார்கள். எனக்கு இப்போது 38 நாள் நிற்கிறது. எத்தனை நாள் வேண்டும் என்பதற்கு என் அளவுகோல் ஒன்றுதான். குடும்பத்தோடு அதிகபட்சம் எத்தனை நாள் வெளியூரில் இருப்போமோ, அதைப் போல இரண்டு மடங்கு.

பழைய கணினியில் ஃப்ரிகேட் மாதிரி இலவச மென்பொருளைப் போட்டும் இதைச் செய்யலாம். பராமரிக்கப் பொறுமை இருப்பவர்களுக்கு அருமையானது. எதை எடுத்தாலும் கேமராவில் ஆன்விஃப் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 2008-இல் ஆக்சிஸ், பாஷ், சோனி மூன்றும் சேர்ந்து தொடங்கிய பொதுத் தரம் அது. அது இருந்ததால்தான் பழுதான கேமராவுக்குப் பதில் வேறு பிராண்டு வாங்கியும் என் பெட்டி ஏற்றுக்கொண்டது.

பெட்டியைத் தூக்கிப் போனால் எல்லாம் போச்சே என்பது நியாயமான பயம். அதனால் டிவிக்குப் பக்கத்தில் வைக்காமல், காற்றோட்டம் உள்ள பூட்டிய அலமாரிக்குள் வைத்திருக்கிறேன். வாசல் கேமரா ஒன்றின் அசைவுத் துண்டுகள் மட்டும் இன்றும் கிளவுடுக்குப் போகின்றன. பிஓஇ என்பதால் பெட்டிக்கு வைத்த ஒரே யுபிஎஸ் நான்கு கேமராவையும் சேர்த்துத் தாங்குகிறது.

ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா வந்து, “தம்பி, நேத்து சாயங்காலம் எங்க வாசல்ல நின்ன வண்டி உங்க கேமராவுல இருக்குமா?” என்று கேட்டார். இருந்தது. எடுத்துக் கொடுத்தால் அவர் போனில் திறக்கவே இல்லை. என்விஆர் தயாரிப்பாளரின் சொந்த பிளேயரில்தான் ஓடும் வடிவம். ஏற்றுமதி மெனுவின் அடியில் எம்பி4 ஒளிந்திருந்தது. அப்புறம் பார்த்தால் படத்தில் இருந்த நேரம் ஆறு நிமிடம் பின்தங்கியிருந்தது. காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகும் பதிவில் அந்த ஆறு நிமிடம் பெரிய சிக்கலாகலாம். உடனே என்டிபி வழியாக, அதாவது நெட்வொர்க் மூலம் சரியான நேரத்தைக் கேட்டு வாங்கும் முறையில், நேரம் தானாகச் சரியாகும்படி வைத்தேன்.

நேரலையை நான் இப்போது நம்புவதில்லை. மாதம் முதல் தேதி, ஒவ்வொரு கேமராவிலும் ஏதோ ஒரு பழைய நாளின் இரவு இரண்டு மணியைத் தேர்ந்து, ஒரு நிமிடத்தை எம்பி4 ஆக எடுத்து, வேறொரு போனில் ஓட்டிப் பார்க்கிறேன். பத்து நிமிட வேலை. இந்த மாதம் அப்படிப் பார்த்தபோது மூன்றாவது கேமராவில் ஒரு மணி நேரம் காணவில்லை. ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், மழைநீர் இறங்கி கேபிள் முனையின் செம்புக் கம்பிகள் பச்சை பூத்திருந்தன. முனையை வெட்டிப் புதிது போட்டு, நீர் புகாத மூடியும் மாட்டியாயிற்று. நேற்றிரவு வரை காலக்கோட்டில் இடைவெளி இல்லை.