கேரவன் கழிவும் வீட்டுச் செப்டிக் டேங்கும்: ஏற்காட்டிலிருந்து ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கேரவன் வண்டியில் சேரும் கழிவை வீட்டுச் செப்டிக் டேங்கிலேயே இறக்கிவிடலாமா என்று சேலத்து நண்பர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். இறக்கலாம். ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் உள்ள எங்கள் வீட்டில் சில ஆண்டுகளாக அப்படித்தான் செய்துவருகிறோம். தொட்டியும், அதிலிருந்து வெளிவரும் நீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சு குழியும் இன்றுவரை நன்றாகவே இருக்கின்றன. தொட்டி எவ்வளவு கொள்ளும் என்பதைவிட, கழிவு எந்த வேகத்தில் உள்ளே போகிறது, அதனுடன் என்ன மருந்து போகிறது என்பவையே முக்கியம் என்பது இத்தனை காலப் பழக்கத்தில் நான் கண்டது. கேரவன் கழிவை இறக்குவதற்கென இடம் ஒதுக்கிய பெட்ரோல் பங்க் எதையும் நம் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. ஓடையிலோ சாலையோரக் கால்வாயிலோ திறந்துவிடுவதை நினைத்தும் பார்க்கக் கூடாது.

எங்களுடையது டெம்போ டிராவலரைக் கேரவனாக மாற்றிய வண்டி. கழிப்பறைக் கழிவுக்கு 70 லிட்டர் தொட்டியும், குளியல் மற்றும் சிங்க் தண்ணீருக்கு 100 லிட்டர் தொட்டியும் தனித்தனியாக உள்ளன. வீட்டுச் செப்டிக் டேங்க் உட்புறத்தில் 2 மீட்டர் நீளம், 90 சென்டிமீட்டர் அகலம் கொண்டது. நீர் நிற்கும் ஆழம் 1.2 மீட்டர். அப்படியானால் ஏறக்குறைய 2,160 லிட்டர் பிடிக்கும். இடையில் தடுப்புச் சுவர் உண்டு.

வண்டியின் 70 லிட்டர் என்பது, வீட்டுக் கழிப்பறையில் பத்து லிட்டர் வீதம் ஏழு முறை தண்ணீர் விடுவதற்குச் சமம்தான். ஆனால் வீட்டில் நாள் முழுவதும் பிரிந்து போகும் அந்தத் தண்ணீர், 3 அங்குல ஹோஸில் வால்வை முழுதாகத் திறந்தால் ஓரிரு நிமிடங்களில் மொத்தமாகப் பாய்ந்துவிடும். கனமானவை வண்டலாக அடியில் படிந்து, எண்ணெய்ப் பசை ஏடாக மேலே மிதந்து, இடையில் தெளியும் நீர் மட்டும் உறிஞ்சு குழிக்குப் போக வேண்டுமென்றால், தொட்டிக்குள் நீர் அசையாமல் நின்றாக வேண்டும். தொட்டி கட்டிய கொத்தனார், "தொட்டி கலங்கக் கூடாதுங்க சார், கலங்குச்சுன்னா வண்டலெல்லாம் குழிக்குப் போயி மண்ணு அடைச்சுக்கும்" என்று சொன்னார். அடைத்துக்கொண்ட உறிஞ்சு குழியை மீட்பது கடினம். பெரும்பாலும் புதிதாகத் தோண்ட வேண்டியிருக்கும். ஆகவே வால்வைப் பாதிக்குக் குறைவாகவே திறக்கிறோம். காலையில் பாதி, மாலையில் மீதி என்று பிரித்தும் விடுகிறோம்.

ஹோஸைச் செப்டிக் டேங்கின் மூடியைத் திறந்து நேரே விடுவதில்லை. கழிப்பறைக்கும் தொட்டிக்கும் நடுவில் உள்ள சேம்பரில் (குழாய்கள் சேரும், மூடியுள்ள சிறு தொட்டியில்) ரப்பர் வளையம் வைத்துப் பொருத்துகிறோம். அங்கே விட்டால் கழிவு, வீட்டுக் கழிவு போகும் அதே குழாய் வழியாகத் தொட்டிக்குள் தணிந்து இறங்கும், நாற்றமும் வெளியே வராது. சாலை எங்கள் வீட்டைவிட உயரத்தில் இருப்பதால் பம்ப் தேவைப்படவில்லை. சமதளத்தில் இருப்பவர்களுக்கு, கழிவை அரைத்துத் தள்ளும் பம்ப் ஒன்று வேண்டியிருக்கும்.

வண்டிப் பக்கத்தில் கண்ணாடிபோல் உள்ளே தெரியும் எல்போ (வளைந்த குழாய் இணைப்பு) ஒன்றை மாட்டியிருக்கிறேன். இந்த ஏற்பாட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த பொருள் அதுதான். முதலில் கரும்பழுப்பாக வருவது மெல்ல மெல்ல வெளுத்துத் தெளியும்வரை அதைப் பார்த்தபடியே வண்டித் தொட்டியில் தண்ணீர் விட்டுக் கழுவலாம். பிறகு கையுறையுடன் ஹோஸை வண்டிப் பக்கத்திலிருந்து முழம் முழமாகத் தூக்கிக்கொண்டே போனால் உள்ளே ஒரு சொட்டும் தங்காது.

குளியல், சிங்க் தண்ணீரைச் செப்டிக் டேங்கில் விடுவதே இல்லை. வீட்டுச் சமையலறைத் தண்ணீர் போகும் கல்வாழைப் பாத்திக்கே அதையும் திருப்பியிருக்கிறோம். சோப்புத் தண்ணீரை 100 லிட்டராகச் செப்டிக் டேங்கில் கொட்டினால், கழிவு தெளிவதற்குக் கிடைக்கும் நேரம்தான் வீணாகக் குறையும்.

மருந்து விஷயத்தில் நான் சற்றும் விட்டுக்கொடுப்பதில்லை. வண்டிக் கழிப்பறைக்கென விற்கும் நீல நிறத் திரவங்களில் சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு அல்லது புரோனோபால் இருக்கும். கிருமிகளைக் கொன்று நாற்றத்தை அடக்குவதே அவற்றின் வேலை. செப்டிக் டேங்கில் கழிவைச் செரிப்பவையும் அதே வகை நுண்ணுயிர்கள்தான். எங்களுக்கு வண்டியை வடிவமைத்துத் தந்தவர்கள் சேர்மானம் எதுவும் அச்சிடாத ஒரு புட்டியைக் கொடுத்தார்கள். அதைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஃபினைலும் ஆசிட்டும் வண்டிக்குள் ஏறுவதில்லை. நுண்ணுயிர் கலந்த பொடியைக் கோடையில் மட்டும் போடுகிறோம். மற்றபடி, காலி செய்தபின் தொட்டியின் அடி மறையும் அளவுக்குச் சில லிட்டர் தண்ணீர் ஊற்றிவைத்தாலே கழிவு ஒட்டிக் காய்வதில்லை. சேலத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளும் உள்ளிருப்பதை நன்றாகக் குலுக்கிக் கரைத்துவிடுகின்றன. நம் வீடுகளில் தாளுக்குப் பதில் தண்ணீர் பயன்படுத்துவதும் பெரிய வசதி. ஈரத் துடைப்புத் தாளை மட்டும் எந்த விருந்தினரும் உள்ளே போட நாங்கள் அனுமதிப்பதில்லை.

ஏற்காட்டில் இருப்பவர்கள் கூடுதலாக இரண்டைக் கவனிக்க வேண்டும். மார்கழி, தைக் குளிரில் நுண்ணுயிர்களின் வேலை மந்தமாகும். அப்போது இன்னும் சிறிது சிறிதாகவே விட வேண்டும். அதைவிட முக்கியம் தண்ணீர். செப்டிக் டேங்கிலிருந்து வெளிவரும் நீர் பார்வைக்குத் தெளிந்திருந்தாலும் நோய்க்கிருமிகள் நிறைந்தது. அதை வடிகட்டுவது உறிஞ்சு குழியைச் சுற்றியுள்ள மண்தான். மண் குறைந்து பாறை வெடிப்புகள் மிகுந்த சரிவில் அந்த நீர் சரியாக வடிகட்டப்படாமல் கீழே இறங்கி, அடுத்தவர் கிணற்றிலோ ஊற்றிலோ சேரலாம். குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் குறைந்தது 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். சரிவில் கீழ்ப்பக்கம் இருக்கும் கிணற்றுக்கு அது போதாது என்றே நான் கருதுகிறேன். எங்கள் குழியை அதைவிட வெகு தொலைவில் வைத்தோம். ஐப்பசி அடைமழையில் மண் ஊறிக் கிடக்கும்போது வண்டியை வீட்டில் காலி செய்வதே இல்லை. அந்த மாதங்களில் கழிப்பறை வசதியுள்ள விடுதிகளில் தங்கும்படி பயணத்தை அமைத்துக்கொள்கிறோம்.

இதைத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் தொட்டியில் வண்டல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நீண்ட கம்பில் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றி, மெல்ல அடிவரை இறக்கிச் சற்று நேரம் கழித்து எடுத்தால், கறுத்த வண்டல் எந்த உயரம்வரை உள்ளது என்பது துணியிலேயே தெரியும். மூடி திறந்திருக்கும்போது மேலே குனியக் கூடாது, பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. உள்ளே மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கும். வண்டலும் மேலேடும் சேர்ந்து நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டியிருந்தால், லாரி வரவழைத்து உறிஞ்சி எடுத்த பிறகே வண்டிக் கழிவை விட வேண்டும். என்ன அவசரமானாலும் ஓர் ஆளைத் தொட்டிக்குள் இறக்கிவிடாதீர்கள். கையால் கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு ஏற்பாடின்றி அப்படி ஆளை இறக்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நம் வீட்டுக் கழிவுக்காக இன்னொருவர் உயிரைப் பணயம் வைக்க நமக்கு உரிமை கிடையாது. எங்கள் வீட்டுக்கு லாரி சேலத்திலிருந்துதான் ஏறி வர வேண்டியிருப்பதால், கோடை விழாக் கூட்டம் தொடங்கும் மே மாதத்துக்கு முன்பே சொல்லிவைத்துவிடுகிறோம்.