தேக்கா, ஈட்டியா?

1950, 60களில் டென்மார்க்கில் செய்த நீளமான, தாழ்ந்த அலமாரியைத் தேடினால் அடிக்கடி கண்ணில் படுபவை இரண்டு: தேக்கு, பிரேசில் ஈட்டி. பின்னது நம்மூர் ஈட்டிக்குப் பங்காளி. இரண்டு ஈட்டியும் டால்பெர்ஜியா பேரினம்.

எதுவானாலும் முழுப் பலகை என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் உள்ளே சாதாரணப் பலகை, மேலே மெல்லிய மர ஏடு. கால்களும் கைப்பிடிகளும்தான் முழு மரமாக இருக்கும். உப்புத்தாளால் நாலு இழுப்பு கூடிப்போனால் அடிப்பலகை பல்லிளித்துவிடும்!

அழகில் ஈட்டிதான். செம்பழுப்பில் கறுப்பு வரிகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் ஜன்னலோரம் வைத்தால் வெளிறும். அதைவிடப் பெரிய தலைவலி காகித வேலை. அருகிவரும் உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில், மிகக் கடுமையான முதல் பட்டியலில் 1992 முதல் இந்தப் பிரேசில் மரம் இருக்கிறது. உரிய சான்று இல்லாமல் நாடு தாண்டாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விற்கவே சான்று கேட்பார்கள். விலையும் அதிகம்.

தேக்குக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. கீறல் விழுந்தாலும், எண்ணெய் பூசிய பரப்பு என்றால் இன்னொரு முறை எண்ணெய் தேய்த்தால் ஓரளவு மறையும். தட்டும் டம்ளரும் தினம் எடுத்து வைக்கிற அலமாரிக்கு நான் தேக்கைத்தான் எடுப்பேன். சான்று கையில் இருந்து, வெயில் படாத சுவரும் இருந்தால், சரி, ஈட்டி.