எம்டன்: சென்னையில் ஒரு இரவு, கோகோஸில் ஒரு காலை

போரில் எது பெரிது? எதிராளி மனதில் விழும் பயமா, கையில் இருக்கும் பீரங்கியா? இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு எம்டன்தான் நினைவுக்கு வரும். ஒரே கப்பல், ஏழு வார இடைவெளியில் இரண்டு விடைகளையும் காட்டிவிட்டது.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில் அந்த ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தும் கரையில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. தேடுவிளக்கைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்து நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. அரை மணி நேரம்தான். தொட்டிகள் பற்றி எரிந்தன, இறந்தவர்கள் சிலர்.

உலகின் மிகப் பெரிய கடற்படையான பிரிட்டிஷ் கடற்படைக்கு இந்த நஷ்டம் ஒன்றுமே இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். வங்காள விரிகுடாவில் சரக்குக் கப்பல்கள் துறைமுகத்தைவிட்டு நகரவே தயங்கின. கடல் வெள்ளைக்காரன் கையில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லி வந்தார்களே, அந்த மதிப்பைக் குலைப்பதும் எம்டனின் கேப்டன் ஃபான் முல்லரின் நோக்கம்தான். அது பலித்தது.

தோற்றத்தை வைத்து ஏமாற்றுவதிலும் முல்லர் கெட்டிக்காரர். எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. நான்காவதாக ஒரு போலியை நிறுத்தினால், தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பிரிட்டிஷ் கப்பல். அக்டோபர் 28 அன்று அந்த வேஷத்தில்தான் மலாயாவின் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து, அங்கே நின்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது.

சரி, இப்போது நவம்பர் 9, இந்தியப் பெருங்கடலில் உள்ள கோகோஸ் தீவுகள். தந்தி நிலையத்தை அழிக்க முல்லர் ஆட்களைக் கரையிறக்கினார். ஆனால் நிலையத்துக்காரர்கள் அந்தப் போலிப் புகைபோக்கியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்நியக் கப்பல் வந்திருக்கிறது என்று முன்பே செய்தி பறந்துவிட்டது. பக்கத்துக் கடலில் துருப்புக் கப்பல்களுக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி அந்தப் பக்கம் திரும்பி வந்தது.

அதன்பிறகு எல்லாமே இரும்புக் கணக்கு. எம்டனின் பீரங்கி 10.5 செ.மீ., சிட்னியுடையது 15.2 செ.மீ. குறி பார்ப்பதில் ஜெர்மானியர்கள் கைதேர்ந்தவர்கள். சண்டையின் தொடக்கத்திலேயே சிட்னியைத் தொட்டுவிட்டார்கள். ஆனாலும் கனமான குண்டுகளும் கூடுதல் வேகமும் சிட்னி பக்கம். முல்லர் கப்பலைப் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்த வேண்டியதாயிற்று. எம்டனில் 130 பேருக்கு மேல் செத்தார்கள், சிட்னியில் நான்கு பேர்.

என் கணிப்பு இது: பலம் குறைந்தவனுக்குப் பயமுறுத்தல் நல்ல ஆயுதம், எதிரி நெருங்கி வராதவரை. தனியாக அலைந்த எம்டனுக்கு வேறு ஆயுதம் எது? பழுது பார்க்கத் துறைமுகம் இல்லை, நிலக்கரிக்குத் தான் கைப்பற்றிய கப்பல்களை நம்பியிருந்தது. அந்த நிலையில் முல்லர் செய்தது சரியான தேர்வு என்றே நினைக்கிறேன். இன்றும் சாமர்த்தியக்காரனைப் பார்த்து "அவன் பெரிய எம்டன்" என்கிறோம். ஜெயித்த சிட்னியின் பெயரில் தமிழில் அப்படி ஒரு சொல் இல்லை.