அல்சாஸில் சமைத்துச் சாப்பிட்டு ஒரு வாரம்: கோல்மார் அபார்ட்மெண்டா, டுர்கைம் வீடா, மொபைல் ஹோமா?

பிரான்சில் ஒயின் ஊர் என்றதும் பலருக்கு முதலில் போர்தோதான் ஞாபகம் வரும். ஆனால் அங்கே பெயர்பெற்ற ஷத்தோக்கள் (ஒயின் தயாரிக்கும் மாளிகைகள்) பலவற்றில் முன்பதிவு செய்து, காசு கட்டித்தான் உள்ளே போகமுடியும். குடும்பத்தோடு போகிறோம், கையில் அளவான பணம், நாமேதான் சமைக்கப்போகிறோம் என்றால் எனக்கு நாட்டின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் அல்சாஸ்தான் சரியாகப்படுகிறது. வடக்கே மார்லென்ஹைமில் தொடங்கி தெற்கே தான் (Thann) என்ற ஊர் வரை சுமார் 170 கிலோமீட்டருக்கு ஒயின் பாதை ஓடுகிறது, 1953-இல் திறந்தது. பாதை நெடுக, நெருக்கமாக, சின்னச் சின்ன ஊர்கள். பல இடங்களில் தெருவோரத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் நின்றால் ஒயின்காரரே வந்து ஊற்றிக்கொடுப்பார். சுவைப்பதற்கு அநேகமாகக் காசு கேட்கமாட்டார்கள், ஒன்றிரண்டு போத்தல் வாங்கிக்கொண்டு வருவது மரியாதை.

எங்கே தங்குவது என்பதில்தான் குழப்பம். கோல்மார் பழைய நகரத்தில் ஒரு அபார்ட்மெண்ட் எடுக்கலாம், ஒயின் கிராமத்தில் ஜீத் எனப்படும் வாடகை வீடு எடுக்கலாம், அல்லது கேம்பிங் மைதானத்தில் நிற்கும் பெட்டிவீடான மொபைல் ஹோம். மூன்றிலும் அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்திரம் எல்லாம் இருக்கும், மூன்றுமே ஒரு குடும்பத்துக்கு ஹோட்டலைவிட மலிவு. அதை நீட்டி முழக்கத் தேவையில்லை. நாங்கள் எடுத்தது கிராமத்து வீடு, அதுவும் டுர்கைமில். அடுத்தமுறையும் அதையேதான் எடுப்பேன், அதனால் கீழே எழுதுவதில் என் சாய்வு இருக்கும்.

என் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது கார்தான். வாடகையில் மிச்சம் பிடிக்கிறேன் என்று மலையடிவாரத்தில் எங்கோ ஒரு அழகான வீட்டைப் பிடிப்பார்கள், அப்புறம் பால் வாங்கக்கூட காரை எடுக்கவேண்டி இருக்கும். வாடகைக்கார் என்றால் நாள்வாடகை, காப்பீடு, எரிபொருள், அட்டையில் பிடித்துவைக்கும் முன்பணம். சொந்தக்காரில் பாரிஸிலிருந்து போனால் ஏறக்குறைய 500 கிலோமீட்டர், சுங்கச்சாவடி வேறு. போய்ச் சேர்ந்தபிறகும் எகிசைம், ரிக்விர், கேசர்ஸ்பெர்க் மாதிரி ஊர்களில் நிறுத்துவதற்குக் காசு கட்டவேண்டும். இதையெல்லாம் வாடகையோடு கூட்டிப் பார்த்தால் மலிவு வீடு மலிவாக இருக்காது.

பணம் மட்டுமா? பிரான்சில் வண்டி ஓட்டுபவரின் இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் தொட்டாலே குற்றம், புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு 0.2. ஒயின்காரர் முதலில் ரீஸ்லிங், பிறகு பினோ கிரி, பிறகு வாசனையான கெவுர்ஸ்ட்ராமினர் என்று வரிசையாக ஊற்றிக்கொண்டே போகும்போது, சாவி யாரிடம் இருக்கிறதோ அந்த ஆள் மட்டும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கவேண்டும். துப்பிவிடலாமே என்பார்கள், அதற்கென்று சட்டியும் வைத்திருப்பார்கள். துப்பலாம்தான், ஆனால் விடுமுறைக்கு வந்தவனை நாள் முழுக்கத் துப்பச் சொன்னால் அது வேலைக்குப் போன மாதிரி ஆகிவிடும். அதனால் வீட்டிலிருந்து பேக்கரி, ஒயின் கடை, ரயில் நிலையம் மூன்றுக்கும் நடந்தே போகமுடியுமா என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. நீச்சல்குளம், மாடியிலிருந்து தெரியும் காட்சி எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

ஒயின் பாதையின் பேர்போன ஊர்கள் பல இந்தக் கேள்வியில் தோற்றுவிடுகின்றன. ரிக்விருக்கும் கேசர்ஸ்பெர்குக்கும் ரயில் கிடையாது, பஸ்தான். ஞாயிற்றுக்கிழமை அதையும் பெரிதாக நம்பமுடியாது. டுர்கைம் அப்படியில்லை. கோல்மாரிலிருந்து மெட்ஸ்ராலுக்குப் போகும் சின்ன ரயில் பாதையில் இருக்கிறது, கால் மணிநேரம்கூட ஆகாது. இறங்கி ஓர் எட்டு வைத்தால் ஊரின் பழைய கோட்டைவாசல். வாசலுக்கு உள்ளே பேக்கரி, கடைகள், ஒயின்காரர்களின் வீடுகள். ஊருக்குப் பின்னால் எழும் சரிவு முழுக்கத் திராட்சை. பிராண்ட் என்று அதற்குப் பெயர், அல்சாஸின் 51 கிராண்ட் க்ரூ (உயர்தர ஒயினுக்கென்று அங்கீகரித்த) நிலங்களில் ஒன்று, கருங்கல் மண். காலையில் அந்தத் தோட்டங்களுக்கு நடுவே நடந்தே நீடர்மோர்ஷ்விர் போய், கிறிஸ்டின் ஃபெர்பெரின் பிரபலமான ஜாம் கடையில் ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். மே முதல் அக்டோபர் வரை இரவு பத்து மணிக்கு ஊர்க் காவல்காரர் விளக்கும் ஈட்டியுமாகப் பாடிக்கொண்டு தெருவைச் சுற்றி வருவார். சுற்றுலாவுக்காகத்தான் என்று தெரிந்தாலும் பிள்ளைகள் தூங்காமல் காத்திருப்பார்கள்.

அதே ரயிலில் எதிர்ப்பக்கம் போனால் முன்ஸ்டெர், அந்தப் பெயர்கொண்ட பாலாடைக்கட்டியின் ஊர். வாங்கினால் நன்றாகச் சுற்றித் தரச்சொல்லுங்கள், இல்லாவிட்டால் திரும்பிவரும்போது பெட்டியில் இருக்கிற அத்தனை பேரும் உங்களைத்தான் பார்ப்பார்கள்.

வீட்டை எடுக்கும்போது சின்ன எழுத்தில் இருப்பதையும் படிக்கவேண்டும். கிராமத்து வீடுகளில் படுக்கை விரிப்பும் துவாயும் பல இடங்களில் வாடகையில் சேராது. நாமே கொண்டுபோகலாம் அல்லது தனியாகக் காசு கொடுக்கலாம். கடைசிநாள் சுத்தம் செய்யும் வேலையும் அப்படித்தான். சில வீடுகளில் மின்சாரம் ஓர் அளவுக்குமேல் போனால் கணக்கெடுப்பார்கள், குளிர்காலத்தில் இது சுள்ளென்று உறைக்கும். பெரியவர்களுக்கு இரவுக்கு இவ்வளவு என்று தங்கும் வரி உண்டு, அது மூன்று வழிக்கும் பொது. சீசனில் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை என்று முழு வாரமாகத்தான் கொடுப்பார்கள். ஜீத் து பிரான்ஸ் அமைப்பு வீடுகளுக்குக் கதிர் அடையாளம் போட்டுத் தரம் பிரிக்கிறது. கதிர் கூடக்கூட வசதியும் கூடும், வாடகையும் கூடும். குறைந்த கதிர் என்பதற்காக ஒதுக்கவேண்டாம், சமையலறைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும்.

சமையலறை என்றதும் கோல்மாரைப் பற்றிச் சொல்லவேண்டும். பழைய நகரத்து அபார்ட்மெண்டுகளில் அது பெரும்பாலும் கூடத்தின் ஒரு மூலைதான். கடுகு தாளித்தால் சோபாவில் விரித்த படுக்கைவரை மணம் போகும், புகை எச்சரிக்கைக் கருவியும் சும்மா இருக்காது. மாடிப்படியில் பெட்டி தூக்கவேண்டும். மற்றபடி கோல்மார் நல்ல ஊர். பாரிஸிலிருந்து டிஜிவி எனும் நேரடி அதிவேக ரயிலில் இரண்டரை மணிநேரத்துக்குள் வந்துவிடலாம், ஸ்ட்ராஸ்பூர் ரயிலில் அரைமணிநேரம். 1865-இல் கட்டிய மூடிய சந்தை வாய்க்காலை ஒட்டி இருக்கிறது, திங்கள் தவிர மற்ற நாட்களில் காய்கறி, மீன், ரொட்டி எல்லாம் கிடைக்கும். மழை பெய்தால் உன்டர்லின்டன் அருங்காட்சியகம் இருக்கிறது, ஆனால் வோஜ் மலை மறைப்பதால் இந்த ஊரில் மழை குறைவு. இரண்டு மூன்று இரவுக்கு மட்டும் போகிறவர்களும், டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தை பார்க்கப் போகிறவர்களும் கோல்மாரிலேயே தங்கலாம், டிசம்பரில் வாடகை எகிறும் என்பது வேறு விஷயம். குறுகிய தங்கலில் சுத்தம் செய்யும் கட்டணம் மொத்தமாக ஏறுவதால் ஓர் இரவின் விலை முதலில் திரையில் காட்டும் விலையைவிட நன்றாகவே கூடும், பணம் கட்டும் கடைசிப் பக்கம்வரை போய்ப் பார்த்து ஒப்பிடுங்கள். கோல்மாரில் திராட்சைத் தோட்டம்தான் வாசலில் இருக்காது.

மொபைல் ஹோமைப் பற்றி நான் அதிகம் பேசக்கூடாது, நான் அதில் தங்கியது வேறு பகுதியில். இரண்டு குட்டி அறை, கேஸ் அடுப்பு, வெளியே ஒரு மேஜை. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், ஜூலை வெயிலில் உள்ளே பெரியவர்களுக்கு வேக்காடு. டுர்கைமிலும் ரிபோவில்லேயிலும் கேம்பிங் இருக்கிறது. ஜூன், செப்டம்பரில் பள்ளிக்குப் போகாத சின்னப்பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு விலையில் இது வீட்டை முந்தலாம்.

ஒயினைப் பொறுத்தவரை தனித்தனி ஒயின்காரர்களைப் போலவே கூட்டுறவுக் கடைகளையும் விட்டுவிடாதீர்கள். டுர்கைமிலேயே ஒன்று உண்டு. ரிபோவில்லே கூட்டுறவு 1895-இல் தொடங்கியது. பத்துப் பன்னிரண்டு யூரோவுக்குள் இரவுச் சாப்பாட்டுக்கு நல்ல ரீஸ்லிங் கிடைக்கும், எங்கள் வீட்டு மீன்குழம்புக்குக்கூட அது ஒத்துப்போனது. மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டுவரை பலரும் பூட்டிவிடுவார்கள். அறுவடை நேரத்தில் சில ஊர்களில் தோட்டப் பாதைகளில் நடக்கவிடமாட்டார்கள், ஒயின்காரருக்கும் நின்று பேச நேரம் இருக்காது, எனவே நடக்கத்தான் போகிறீர்கள் என்றால் ஜூன் மாதம் பாருங்கள்.

இன்னொன்று. அல்சாஸில் ஞாயிறு விடுமுறைச் சட்டம் பிரான்சின் மற்றப் பகுதிகளைவிடக் கடுமை, சூப்பர்மார்க்கெட் திறக்காது. புனித வெள்ளியும் டிசம்பர் 26-உம் இங்கே கூடுதல் விடுமுறை. சாவி கிடைப்பதோ சனிக்கிழமை பிற்பகல். ஆக அன்று சாயங்காலமே கடையை முடித்துவிடவேண்டும், இல்லாவிட்டால் ஞாயிறு மதியம் உணவகத்தில் உட்கார்ந்து மிச்சம்பிடித்த காசைக் கொடுப்பீர்கள். பாரிஸில் ரயில் கிளம்பும் கார் து லெஸ்ட் நிலையத்துக்குப் பக்கத்திலேயே தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் இருப்பதால் அரிசி, பருப்பு, தூளை நாங்கள் அங்கேயே வாங்கிக் கட்டிக்கொண்டோம். காய்கறியும் மீனும் கோல்மாரில் ரயில் மாறுவதற்கு முன் மூடிய சந்தையில் வாங்கியது, ஸ்டேஷனிலிருந்து போய்வரக் கொஞ்சம் நடக்கவேண்டும், சக்கரம்வைத்த பை இருந்தால் நல்லது.